சுனாபட்டியில் கிரவுட் போட்ட மத்தியானம்

மும்பை சுனாபட்டியில், வரிசையாய் ஒற்றை அறை வீடுகள் கொண்ட அந்தப் பழைய சால் கட்டடம் ஒரு பக்கமாய் இறங்க ஆரம்பித்ததும், ஆட்களைக் காலி செய்யாமலேயே அடியில் முட்டுக்கொடுக்கும் வேலை மேஸ்திரி பேச்சிராஜாவிடம் வந்தது. நடைவழியில் சின்ன மிஷினை நிறுத்தி, பாறை தட்டும் வரை துளை போட்டு, கம்பியை இறக்கி, கிரவுட் என்கிற சிமென்ட் பாலை அடியிலிருந்து மேலே நிரப்பிக்கொண்டு வர வேண்டும்.

துளை போட்ட நாளெல்லாம் சுவரே அதிர்ந்தது. மாடி வீட்டுப் பூமாரியின் கைக்குழந்தை பயந்துவிடுமே என்று அவன் கிடந்து தவித்தான். அந்தப் பயலோ மிஷின் ஓடினால்தான் கண்ணை மூடினான்.

இன்றைக்குத் துளை இல்லை, சிமென்ட் மட்டும்தான். விடிந்ததிலிருந்து மாடியில் ஒரே அழுகை. மத்தியானம் பூமாரி பிள்ளையோடு இறங்கி வந்தாள். புருஷன் அம்பர்நாத்தில் வேலைக்குப் போயிருந்தான். அவள் கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது.

“எண்ணே, கொஞ்ச நேரம் மிஷினப் போடுங்களேன். ராத்திரி பூரா நான் கண்ண மூடலண்ணே.”

“முடியாதும்மா. பக்கத்துக் குழியில இப்பதான ஊத்திருக்கோம். பச்ச சிமென்ட்லா! ஆட்டுனா கம்பிய விட்டுரும். பொறவு உங்க வீடு எதுல நிக்கும்?”

“பூமில படாம, சும்மா சத்தத்த மட்டும் போடுங்க.”

வாசலில் அடுத்த குழிக்கு மிக்ஸரில் சிமென்ட் கொட்டிக்கொண்டிருந்த பைசான் சிரித்துவிட்டான். “பாபி, என் மிக்ஸர் சத்தம் சலேகா க்யா, போதுமா?”

பேச்சிராஜா தூசி படாத மூலையில் காலிச் சாக்குகளை அடுக்கி, மேலே தன் துண்டை விரித்தான். பூமாரி உட்கார்ந்தாள். மிக்ஸர் உறுமியது. பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு, ஆனால் தூங்காமல், கொட்டக்கொட்ட விழித்தது. தூங்கியது அம்மாதான். தலை சுவரில் சாய்ந்தது, கை தளர்ந்தது.

பேச்சிராஜா ஓடிப்போய்க் கையைக் கழுவிவிட்டு, பிள்ளையை அள்ளினான். அது அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது.

குழி வாயில் முதலில் சேற்றுத் தண்ணீர் வந்தது. பிறகு கெட்டியான சிமென்ட் பொங்கியது.

“பர் கயா! ரொம்பிருச்சு!” என்று பைசான் கத்தினான்.

“வாய மூடுல!”

“இதான் கடைசிக் குழி. மிக்ஸர நிறுத்தவா?” என்று பைசான் கிசுகிசுத்தான்.

“நிறுத்தாத. தண்ணி ஊத்திக் கழுவு.”

“எவ்ளோ நேரம்ணே?”

பேச்சிராஜா பூமாரியைப் பார்த்தான். தூக்கத்தில் அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது.

“நல்லா கழுவுல. அந்தப் பொண்ணு தானா முழிக்கிற வரைக்கும்.”

பைசான் இன்னொரு வாளித் தண்ணீரை ஊற்றினான்.