கன்னத்துக்கு ஏது சுவர்?

எச்சில் என்றாலே ஆய்வகத்து அக்காவுக்குக் குடலைப் புரட்டும். பல்குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி, அந்தக் கொழகொழப்பைக் கண்ணாடித் தகட்டில் தேய்ப்பதை நினைத்தாலே அவளுக்கு ஓங்கரிக்கும். அதனால் செய்முறைத் தேர்வன்று இரண்டு நுண்ணோக்கிகளிலும் வெங்காயத்தோலையே வைத்து, ஒன்றில் மட்டும் 'கன்னச் செல்' என்று சீட்டு ஒட்டிவிட்டாள்.

தேர்வாளர் வரப் பத்து நிமிஷம் இருக்கும்போது டீச்சர் குனிந்து பார்த்தாள்.

"ஏம்மா, கன்னத்துக்கு எப்போ செங்கல் வெச்சுக் கட்டினே? செல்சுவர் செடிக்கு இருக்கும், மனுஷனுக்கு ஏது! அவர் இதைப் பார்த்தா உன் தற்காலிக வேலை நிரந்தரமான மாதிரிதான். சுரண்டு, உன் வாயையே சுரண்டு!"

வேறு வழியில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு சுரண்டினாள். நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டாள். சுவரில்லாமல், வெறும் மெல்லிய சவ்வு போர்த்திய செல்கள் தெரிந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் அதை நடத்துகிற உட்கரு. மேலெல்லாம் பொடிப்பொடியாய் என்னவோ அப்பிக் கிடந்தது.

"இது தூசியா டீச்சர்?"

"பாக்டீரியா. அதுங்களுக்கு உட்கருகூடக் கிடையாது. உன் வாயில வாடகை இல்லாம குடியிருக்குதுங்க."

"சீ!" என்று அவள் வாயைப் பொத்துவதற்குள் தேர்வாளர் வந்துவிட்டார். இரண்டு நுண்ணோக்கியிலும் மாறி மாறிப் பார்த்தார்.

"அடடே, செடி, மனுஷன், பாக்டீரியா, மூணு செல்லும் இருக்கே! யாரோட வாய் இது?"

வேலை பிழைத்தது. வாயில் ஊறிய எச்சிலை விழுங்கவும் மனமில்லாமல், அவர் எதிரில் துப்பவும் முடியாமல், கன்னம் உப்பிப்போய், அக்கா கையை மட்டும் தூக்கினாள்.