ஓரத்தில் நின்ற நிருபன்

2022ஆம் ஆண்டு மாசி மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பின்நேரம் நாலரை மணிக்கு, திருகோணமலைக் கடல் நேராக்கப்பட்டது. அதுவரை அது இடப்பக்கமாக ஒரு விரற்கடை சாய்ந்திருந்தது என்பதே அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரியவந்தது. டச்பே கடற்கரையில் கச்சான் கொறித்துக்கொண்டிருந்தவர்கள் காலுக்குக் கீழே மணல் மெல்ல அசைந்ததாகச் சொன்னார்கள். நங்கூரமிட்டிருந்த சீமெந்துக் கப்பலில் ஒரு மாலுமியின் தேநீர்க் கோப்பை மேசையின் மறுகரைக்கு நகர்ந்தது. வேறு சேதமில்லை. கமெராவை ஒழுங்காக நேராகப் பிடித்து எடுத்தவர்களின் பழைய படங்கள் எல்லாம் அன்றோடு சாய்ந்துபோயின. கை கோணலாகப் பிடித்தவர்கள் கெட்டிக்காரர் ஆனார்கள். நியாயமில்லைத்தான், அதற்கு நான் என்ன செய்ய.

காரணம் தாஹிரின் படம். தாஹிர் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் விற்பவர், ஞாயிற்றுக்கிழமைகளில் கமெராவோடு அலைகிற ஏழெட்டுப் பேரின் படக்கூட்டத்தில் ஒருவர். கூட்டம் மரியம்மாவின் தையற்கடை மாடியில் நடக்கும். படங்களைக் கடதாசியில் அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் பரப்பிப் பார்ப்பதற்குத் தோதான மேசை, துணி வெட்டுகிற மேசை, அங்கேதான் இருந்தது. எட்டு வருடமாகக் கூடினார்கள். எட்டு வருடமாக ஒருவர் படத்தை மற்றவர் பார்த்து "சூப்பர்" என்றார்கள், "அந்தமாதிரி" என்றார்கள், பற்றீஸ் தின்றார்கள், வீட்டுக்குப் போனார்கள். நம்முடைய ஆட்களுக்கு முகத்துக்கு நேரே குறை சொல்ல வராது. ஆள் படியிறங்கிப் போனபிறகு என்றால் விடிய விடியச் சொல்வார்கள். அந்த எட்டு வருடத்தில் ஒருவருடைய படமும் ஒரு முழம்கூட முன்னேறவில்லை.

அந்த ஞாயிறு மரியம்மா அவசரமாக ஒரு சட்டைத்துணி வெட்டுவதற்கு மேசை தேவைப்பட்டு மேலே வந்தார். முப்பது வருடமாக ஊராரின் தோளையும் இடுப்பையும் அளந்த கண் அவருடையது. தாஹிரின் படத்தைத் தள்ளி வைக்க எடுத்தவர் வைக்காமல் நின்று பார்த்தார். "தம்பி தாஹிர், உம்மட கடல் இடப்பக்கம் இறங்கிக் கிடக்கு. ஒரு இஞ்சு தூக்கவேணும்" என்று சொல்லி, காதில் செருகியிருந்த, துணியில் குறி போடுகிற சோக்கால் படத்தின் மேல் ஒரு கோடு கீறினார். தாஹிர் பார்த்தார், கோடு சரிதான். "ஓம் அக்கா" என்றார். வெளியே கடல் நேராகியது.

முதல்முறை இரண்டையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. பங்குனியில் தாஹிர் தன் மாமனாரின் படத்தைக் கொண்டுவந்தார். மாமனாரின் தொப்பியிலிருந்து ஒரு மின்கம்பம் முளைத்து வானத்துக்குப் போனது. "உந்தக் கம்பம் வேண்டாம்" என்று மரியம்மா சோக்கால் கீற, தாஹிர் ஓம் சொல்ல, அடுத்த நாள் உட்துறைமுக வீதியில் ஒரு கம்பத்தைக் காணவில்லை. குழிகூட இல்லை. நாலாம் நாள் அது தம்பலகாமத்தில் ஒரு வயலின் நடுவே நின்றது, கம்பித் தொடர்பு ஏதுமில்லாமல், பொழுதுபட்டதும் தன் விளக்கை ஒழுங்காக எரித்துக்கொண்டு. யானை வருவது குறைந்ததால் வயற்காரர் அதைப்பற்றி ஒருவருக்கும் முறையிடவில்லை. அதன்பிறகு கூட்டத்தார் ஆராய்ந்து விதியைக் கண்டுபிடித்தார்கள். படம் கடதாசியில் இருக்கவேண்டும், அந்த மேசையில் கிடக்கவேண்டும், மரியம்மா சோக்கால் கீறவேண்டும், எடுத்தவர் தன் வாயால் ஓம் சொல்லவேண்டும். மறுத்தால் ஒன்றும் நடக்காது. போனில் அனுப்பியும் பார்த்தார்கள், கடலும் அசையவில்லை, கம்பமும் அசையவில்லை.

இங்கேதான் ஊரின் பழைய வியாதி குறுக்கே வந்தது. யாருடைய மனமும் நோகக்கூடாது என்பதற்காக எதற்கும் ஓம் சொல்லிவிட்டுப் பிறகு யோசிக்கிற சனம் நாங்கள். கூட்டத்தில் ஒருவரான ஓட்டோக்காரர் பேணாட், தேவாலயப் பெருநாள் சுற்றுப்பிரகார ஊர்வலத்தைப் படமெடுத்துக்கொண்டு வந்தார். சொரூபத்துக்கு முன்னால் ஒரு நாய் குறுக்கே ஓடியது. "உந்த நாய் கண்ணைக் குத்துது" என்று மரியம்மா கீறினார். தேநீர் ஆறுகிறதே என்ற அந்தரத்தில் பேணாட் "ஓம் ஓம்" என்றார். அது அவருடைய சொந்த நாய், மண்ணிறமான பிறவுணி. மேலே வரும்போது அதை ஓட்டோவின் பின் சீற்றில் படுக்கவைத்துவிட்டு வந்தவர், இறங்கிப் போனபோது சீற்று வெறுமையாகக் கிடந்தது. குச்சவெளி தொடக்கம் சம்பூர் வரைக்கும் தேடினார், தம்பலகாமத்துக் கம்பத்தடியிலும் போய்ப் பார்த்தார். கம்பத்துக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் நாய்க்குக் கிடைக்கவில்லை. இன்றைக்கும் அந்த ஓட்டோவில் பாதிப் பைக்கற் பிஸ்கற் இருக்கும். எழுத எனக்கே கவலையாக இருக்கிறது.

மரியம்மா மூன்று மாதம் மேலே வரவில்லை. பேணாட்தான் போய்க் கூப்பிட்டார். "பிழை உங்களில இல்லை அக்கா, என்ர வாயில" என்றார். அதற்குப் பிறகு கூட்டத்தில் ஒருவரும் வாய்க்கு வந்தபடி ஓம் சொல்லவில்லை. ஒரு படத்தைப் பற்றி அரை மணித்தியாலம் கதைத்தார்கள். ஏன் பிழை, எங்கே பிழை என்று கேட்டார்கள். படங்கள் திருந்தின. மரியம்மாவுக்கு ஒரு படம் முழுதாகப் பிடித்தால் "உடுக்கலாம்" என்பார். சட்டை சரியாக வந்தால் சொல்கிற அதே சொல். மூன்று வருடத்தில் இரண்டே தரம் சொன்னார், இரண்டும் தாஹிருக்கு.

அந்தச் சொல்லைத் தன் படத்துக்குக் கேட்டுவிடவேண்டும் என்று கூட்டத்தில் இருந்த சுலோஜனா ஆசைப்பட்டாள். ஆசை என்று சொல்லக்கூடாது, அது பைத்தியம். மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். வைத்தியர்களின் கிறுக்கலை வாசித்துப் பழகியவள். வெளிச்சத்தைப் பார்த்தால் சோற்றை மறந்து ஓடுகிறவள். முப்பத்தொரு படம் மேசையில் வைத்துவிட்டாள். முப்பத்தொன்றிலும் ஒரே குறைதான், அந்தக் குறையின் பெயர் நிருபன்.

நிருபன் அவளுடைய கணவன். வள்ளங்களின் என்ஜின் திருத்துபவர். அவள் எங்கே படமெடுக்கப் போனாலும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவது அவர். நாட்டில் பெற்றோல் கிடைக்காத 2022இல் துவிச்சக்கரவண்டியின் பாரில் இருத்தி நிலாவெளிவரை மிதித்தவரும் அவர்தான். இறங்கியதும் அவளுடைய ஹெல்மெற்றையும் பையையும் வாங்கிக்கொண்டு "நான் விலகி நிக்கிறன்" என்பார். விலகுவார். விலகிப் போய் நிற்கிற இடம் எப்போதும் படத்தின் ஓரமாகவே அமைந்துவிடும். அவள் வலப்பக்கம் திரும்பினால் மரியாதையாக வலப்பக்கம் விலகுவார். ஆளில் எந்தச் சூழ்ச்சியும் இல்லை, அது பிறவிக் குணம். அவர்களுடைய கலியாண அல்பத்தில் மாப்பிள்ளை பாதிதான் இருக்கிறார். தாலி கட்டுகிற படத்தில் கையும் தாலியும் மட்டும். மரியம்மா ஒவ்வொரு முறையும் "ஆள் நிக்குது பிள்ளை" என்று மெதுவாகச் சொல்வார், மனிசரில் சோக்கு வைக்கமாட்டார். உடுக்கலாம் என்றும் சொல்லமாட்டார்.

2025 தை மாதம் சுலோஜனா கொண்டுவந்த படத்தில், மழை விட்ட கையோடு டச்பே தண்ணீருக்குள் மூன்று மான்கள் நின்றன. கோட்டைப் பக்கத்து மான்கள் கரைக்கு வருவது புதினமில்லை, தண்ணீருக்குள் இறங்கியதை ஒருவரும் கண்டதில்லை. பின்னால் ஒரு கப்பல், அதற்கு மேலே மேகம் கிழிந்து வெளிச்சம். இடப்பக்க ஓரத்தில் ஹெல்மெற்றும் மரக்கறிப் பையுமாக நிருபன், "சுலோ, திரும்ப மழை வருது" என்று சொல்ல வாயைப் பாதி திறந்தபடி. அடுத்த நொடி மான்கள் ஓடிவிட்டன. இருந்தது அந்த ஒரு படம்தான்.

மரியம்மா படத்தை யன்னலடிக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். "இப்பிடி ஒண்டு இந்த மேசைக்கு வரேல்லை" என்றார். "உந்த இடப்பக்க ஆளை எடுத்துவிட்டால் உடுக்கலாம். எடுக்கச் சொன்னால் கீறுறன். உம்மட விருப்பம், பிள்ளை."

அந்த ஆள் அப்போது கதவடியில்தான் நின்றார், அவளுடைய பையோடு. தாஹிர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். நிருபன்தான் வாய் திறந்தார்.

"அக்கா சொல்லுறது சரிதானே, சுலோ. நான் படத்தைப் பழுதாக்கிப்போட்டன். நீர் ஓம் எண்டு சொல்லும். மிஞ்சிப் போனால் தம்பலகாமம்தானே, பஸ் இருக்கு, வந்திடுவன்."

"பிறவுணிக்கு பஸ் கிடைச்சதோ?" என்று சுலோஜனா கேட்டாள். கோபமும் அழுகையும் அவளுக்கு ஒன்றாக வந்தன. பேணாட் நிலத்தைப் பார்த்தார்.

ஓம் அவளுடைய நாக்கு நுனிவரை வந்தது என்பதை நான் மறைக்கப்போவதில்லை. மூன்று வருட ஆசை, ஒரு சொல் தூரத்தில் நின்றது. கதவடியில் அவர் அவளுக்கு உற்சாகம் கொடுப்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. இந்த மனிசன் போகச் சொன்னால் போய்விடுவார், போகும்போது பையையும் மடித்து வைத்துவிட்டுப் போவார்.

"ஏலாது அக்கா" என்றாள். "அவர் நிக்கட்டும். உடுக்காட்டி விடட்டும்."

மரியம்மா கோபிக்கவில்லை. சோக்கை விரல்களுக்கிடையில் உருட்டினார். "வெட்ட ஏலாதெண்டால் மாத்தித் தைக்கவேணும்" என்றார். "ஆளால பிழையில்லை, ஓரத்தில நிக்கிறதாலதான் இழுக்குது. நடுவுக்குக் கொண்டுவாறன், சம்மதமோ?"

"ஓம்" என்றாள் சுலோஜனா. மரியம்மா கீறினார்.

பாரமான அலுமாரியைப் பக்கத்து அறையில் யாரோ இழுப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. நிருபன் நின்ற இடத்திலேயே நின்றார், ஊர்தான் நகர்ந்தது. கதவு சுவரின் நடுவுக்கு வந்தது. உட்துறைமுகத்தில் நின்ற எட்டுக் கப்பல்களும் நாலு நாலாகப் பிரிந்தன. பஸ் நிலையம் அவருக்கு ஒரு கைப்பக்கமும் மீன் சந்தை மறு கைப்பக்கமும் ஒரே தூரத்தில் அமர்ந்தன. படத்திலும் அவர் நட்டநடுவில் நின்றார், மூன்று மான்களில் வடிவான மானை முழுதாக மறைத்துக்கொண்டு. "மான் போயிட்டுது, பிள்ளை" என்று மரியம்மா ஒளிக்காமல் சொன்னார். "போகட்டும்" என்றாள் சுலோஜனா. அன்றைக்கும் உடுக்கலாம் என்ற சொல் கிடைக்கவில்லை.

நில அளவையாளர் இரண்டு பேர் வந்து மூன்று நாள் அளந்தார்கள். திருகோணமலையின் நடு நிருபன்தான் என்றும், அவர் நடந்தால் நடுவும் நடக்கிறது என்றும் எழுதிக் கொடுத்துவிட்டு, மதியம் அவர்கள் வீட்டில் சூடைமீன் குழம்போடு சாப்பிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து பஸ் நடத்துநர்கள் காலையில் நிருபன் எங்கே வேலை என்று விசாரித்துவிட்டுத்தான் ரிக்கற் கிழிக்கிறார்கள். அவர் குச்சவெளிக்கு என்ஜின் பார்க்கப் போனால் அன்றைக்குக் குச்சவெளிக்காரர் பட்டணத்துக்காரர். சம்பூரில் அவருக்கு ஒரு வாரம் வேலை இருந்தது. நெடுங்காலம் ஓரத்திலேயே வைக்கப்பட்டிருந்த சம்பூர்ச் சனம் அவரை விட மனமில்லாமல் முறைவைத்துச் சோறு போட்டு மூன்று கிழமை மறித்து வைத்தது. அவருக்கு இதெல்லாம் பெரிய வெட்கம். இன்றைக்கும் எங்கே போனாலும் "நான் விலகி நிக்கிறன்" என்று விலகுகிறார். துறைமுகமும் கூடவே விலகிக்கொள்கிறது. பேணாட்டுக்கு மட்டும் இதில் ஒரு லாபம்: ஊர் நகர்ந்ததில் வெட்டுப்பட்டதும் கொஞ்சம் உள்ளே வந்ததோ என்னவோ, அந்த மாதம் தாஹிர் எடுத்த ஒரு படத்தின் இடப்பக்க விளிம்பில் மண்ணிறமான ஒரு வால் தெரிந்தது. அந்தப் பக்கத்தை ஒருவரும் வெட்டக்கூடாது என்று பேணாட் கேட்டிருக்கிறார், வெட்டுவதில்லை.

ஆவணியில் நிருபன் திரும்பவும் சம்பூருக்குப் போயிருந்த ஒரு ஞாயிறு, சுலோஜனா முதல்முறையாகத் தனியே நடந்து டச்பேக்குப் போய்க் கடலை எடுத்தாள். கணக்குப்படி ஊரின் நடு அன்றைக்குச் சம்பூரில். ஆனாலும் கரையில் கிடந்த வள்ளங்கள் இரு பக்கமும் ஒதுங்கி, நடுவில் ஒரு ஆள் அகலத்துக்கு இடம் விட்டிருந்தன. அலைகூட அந்த இடத்தில் தாழ்வாக வந்து போனது. அவள் படக் கடையில் அதைக் கடதாசியில் அச்செடுத்துக்கொண்டு நேரே மாடிக்கு வந்தாள்.

மரியம்மா மேசையில் வைத்துப் பார்த்தார். "எல்லாம் வடிவு" என்றார். "நடுவில ஓட்டை. ஆளைக் காணேல்லை."

"அஞ்சரைக்கு வருவார், அக்கா" என்றாள் சுலோஜனா.

முப்பது வருடமாகத் தன் கண்ணுக்கு மேல் இன்னொருவரின் சொல்லை எடுக்காத மரியம்மா, படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சோக்கைக் கீறாமல் காதில் செருகினார். "ஓம்" என்றார்.

தேநீர் குடித்தார்கள். அஞ்சரைக்குக் கீழே மோட்டார் சைக்கிள் நிற்கிற சத்தம் கேட்டது. மேசையில் கிடந்த படத்தில், வள்ளங்களுக்கு நடுவே, நிருபன் மரக்கறிப் பையோடும் பாதி திறந்த வாயோடும் நின்றார். மரியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொருமுறை பார்த்தார்.

"உடுக்கலாம்" என்றார்.

படம் இப்போது மருந்துக்கடைச் சுவரில் இருக்கிறது. காலையில் மருந்து வாங்க வருகிறவர்கள் கடலை மட்டும் பார்க்கிறார்கள், பொழுதுபட வருகிறவர்கள் ஆளையும் பார்க்கிறார்கள், ஒருவரும் ஏன் என்று கேட்பதில்லை. மழை நாட்களில் அவர் வரப் பிந்தினால் சுலோஜனா வைத்தியரின் மருந்துத் துண்டை வாசித்தபடியே இடைக்கிடை அண்ணாந்து சுவரைப் பார்ப்பாள். வள்ளங்கள் ஒதுங்கி நிற்கும், கடல் அந்த இடத்தை விட்டுவைத்திருக்கும்.