லினேயாவின் தோளில் ஒரு தட்டு

1.

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாகக் கிடைத்தது. நெப்ராஸ்காவில், கிரேக்க எழுத்துகளைப் பெயராக மாட்டிக்கொண்ட, கல்லூரிப் பெண்கள் சேர்ந்து தங்கும் ஒரு மாணவியர் சங்க வீட்டுக்கு நான் காப்பாளர். சமையலறைக்கும் வரவேற்பறைக்கும் நடுவே பேருக்கு ஒரு சுவர் இருக்கிறது. (ஒட்டுக்கேட்டேன் என்று எழுதி அடித்துவிட்டேன். காதில் விழுந்தது என்று வைத்துக்கொள்வோம்.)

முதல் தொடக்கம்: 'இலையுதிர் வெயிலில் வாசல் எழுத்துகள் பொன்னாக மின்ன...' வேண்டாம். அவற்றில் ஒன்று போன வருடப் பனியில் விழுந்தது, இன்னும் யாரும் மாட்டவில்லை.

இரண்டாம் தொடக்கம்: லினேயாவுக்கு ஒரு செய்தி வந்தது. இது பரவாயில்லை.

2.

லினேயா மூன்றாம் ஆண்டு மாணவி. புதிதாகச் சேர்ந்த பெண்கள் ஓடிவிடாமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. பாதிப் பேர் ஏற்கெனவே சங்க பேட்ஜைத் திருப்பிக் கொடுத்து விலகிவிட்டார்கள். இப்போது புதியவர்களில் ஒருத்தியான ஹேஸலிடமிருந்து 'கொஞ்சம் பேசணும்' என்று செய்தி. அப்படி அனுப்பியவர்களில் ஒருத்திகூடத் தங்கியதில்லை.

மற்றவர்கள் போனபோது சங்கத் தலைமையகம் கேள்வி கேட்குமே என்றுதான் லினேயா பயந்தாள். ஹேஸல் விஷயம் வேறு. சேர்ப்புச் சடங்கில் எல்லோரும் மெழுகுவர்த்தியோடு கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது, "மெழுகு என் ஷூவுல ஊத்துது" என்று கிசுகிசுத்தவள் அவள். லினேயாவுக்கு அவளை நிஜமாகவே பிடித்துப்போயிற்று.*

*இந்த இடத்தில் லினேயாவை நம்பலாமா என்று யோசித்தேன். நம்புகிறேன்.

3.

ஒரு வழக்கத்தைச் சொல்லாமல் கதை நகராது. ஆள் சேர்க்கும் வாரத்தில், வரும் பெண்ணோடு எங்கள் பெண் ஒருத்தி சில நிமிடம் பேசுவாள். பிறகு இன்னொருத்தி பின்னாலிருந்து எங்கள் பெண்ணின் தோளைத் தட்டுவாள். பேசியவள் நழுவ, தட்டியவள் அதே இடத்தில், அதே சிரிப்போடு உட்காருவாள். விருந்தாளி ஒரு நொடிகூடத் தனியாக இருந்துவிடக் கூடாது. ஆகஸ்ட் முழுக்க இதே ஒத்திகை. தூக்கத்தில் தட்டினாலும் எழுந்து நகர்வார்கள்.

4.

ஹேஸல் வரவேற்பறை சோபாவில், பேட்ஜை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லினேயா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போறதுன்னு முடிவே பண்ணிட்டியா?"

"பண்ணல. அதான் உன்கிட்ட பேச வந்தேன்."

"யாராவது ஏதாவது சொன்னாங்களா? சொல்லுடி, நான் பாத்துக்கறேன்."

"ஒண்ணும் சொல்லல. எல்லாரும் நல்லாத்தான் பழகறீங்க. ஆனா அதுல ஒரு..."

அப்போதுதான் பிரின்லி உள்ளே வந்தாள். அவளும் மூன்றாம் ஆண்டுதான். அதே சோபா, பேசிக்கொண்டிருக்கும் இரண்டு பெண்கள். அவள் கை தானாக நீண்டு லினேயாவின் தோளைத் தட்டியது. லினேயாவும் தானாக எழுந்தாள். சுயநினைவு வந்தபோது சமையலறை வாசலில், என் முன்னால், முகத்தில் அந்தச் சிரிப்போடு நின்றுகொண்டிருந்தாள். சோபாவில் அவள் இடத்தில் பிரின்லி.

"ஹாய், நான் பிரின்லி. நீ எந்த ஊரு?"

பிரின்லியும் ஹேஸலும் தினமும் ஒரே குளியலறையில் பல் தேய்ப்பவர்கள்.

"ஒகலாலா."

"அடடே, எங்க மாமா அங்கதான் இருக்காரு."

"தெரியும். முட்டி ஆபரேஷன் ஆச்சே, இப்ப நடக்கறாரா?"

பிரின்லியின் சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் அப்படியே நின்றது. பாவமாக இருந்தது எனக்கு.

5.

"நான் ஏன் எழுந்தேன்?" என்று லினேயா என்னைக் கேட்டாள். கண் கலங்கிவிட்டது.

முடிவு அ: ஹேஸல் பேட்ஜை மேசையில் வைத்துவிட்டுப் போகிறாள். நடக்கக்கூடியதுதான், எழுதக் கை வரவில்லை.

முடிவு ஆ: மூவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். தலைமையகச் செய்திமடலுக்கு அனுப்பலாம்.

முடிவு இ: பிரின்லி மனம் மாறி, மன்னிப்புக் கேட்க வாயைத் திறக்கிறாள்: "படிப்பெல்லாம் எப்படிப் போகுது?" அடித்துவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். லினேயா திரும்பிப் போனாள். சோபாவில் இடமில்லை, தரையில் உட்கார்ந்தாள்.

"'அதுல ஒரு'ன்னு நிறுத்தின. மீதியச் சொல்லு. இனி யார் தட்டினாலும் நான் எழுந்திருக்க மாட்டேன்."

ஹேஸல் அவளைப் பார்த்தாள். பேட்ஜ் இன்னும் கையில்தான் இருந்தது.

என் சுவர் இதற்குமேல் எனக்கு எதையும் தரவில்லை. இவ்வளவு நேரம் நான் உட்கார்ந்திருந்தேன், இனி நீங்கள் என் தோளைத் தட்ட வேண்டியதுதான். வாருங்கள், உட்காருங்கள். சிரிக்க வேண்டிய அவசியமில்லை. எந்த ஊர் என்று மட்டும் ஹேஸலைக் கேட்டுவிடாதீர்கள்.