மலைமேல் ஒரு கண்ணாடி மலை

டாக்டர் கிராகு, கென்யா மலைச் சரிவில், ஏழாயிரம் அடி உயரத்தில், மலைக் காலநிலையை உண்டாக்கும் அறை ஒன்றைக் கட்டினார். சன்னல்களைச் சிமெண்ட் பூசி அடைத்தார். பனி உண்டாக்க ஒரு இயந்திரம், காற்றுக்கு இரண்டு விசிறி, வெயிலுக்குப் பதினாறு சூட்டு விளக்கு. சுவருக்கு அந்தப் பக்கம் பனி, காற்று, வெயில் மூன்றும் சும்மா கிடந்தன. சும்மா கிடப்பதைத் திறந்து வைக்க நைரோபியிலிருந்து யார் வருவார்கள்?

டாக்டர் பட்டம் அவருக்குத் தபாலில் வந்தது.

அந்த அறையில் பச்சோந்திகளுக்கு இரை போடுவதும் கழிவை வழிப்பதும் என் வேலை. எங்கள் பக்கத்தில் பச்சோந்தியைத் தொட வேறு ஆள் கிடைக்காது. மனிதருக்குச் சாவில்லை என்று ஆதியில் கடவுள் சொல்லியனுப்பிய சேதியை, வழியெல்லாம் நின்று நின்று நடந்து, வந்த பிறகும் திக்கித் திணறிக் கோட்டைவிட்ட பிராணி அது. அந்தக் கோபம் யாருக்கும் இன்னும் ஆறவில்லை. நான் கிண்டிய உகாலிக் களியை என் மாமியார் தொடுவதில்லை.

ஆனால் அந்த அறையில் எனக்குக் குமட்டியது பச்சோந்திகளால் அல்ல. செத்த வெட்டுக்கிளிகள் விளக்குச் சூட்டில் வெந்து நாறும். அதற்கு மேல் டாக்டரின் செண்ட். இரண்டும் சேர்ந்தால் கல்யாண வீட்டில் எலி செத்த மாதிரி இருக்கும்.

முதல் வருடம் பிராணிகளை அவரே தேர்ந்தெடுத்தார். மூன்று கொம்பு இருந்தால் முதல் தரம். மொட்டைத் தலைகளை வெளியே எறியச் சொன்னார். எங்கள் மலைப் பச்சோந்தி முட்டையிடாது, குட்டி போடும்; கொம்பு ஆணுக்குத்தான். பதினெட்டு ஆண்களை வைத்துக்கொண்டு பதினோரு மாதம் குட்டிக்குக் காத்திருந்தார். அவை ஒன்றையொன்று முட்டிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டன.

"உன் கவனிப்புல ஏதோ குறை இருக்கு, வமூயு" என்றார் என்னிடம்.

கூண்டிலேயே பிறந்த குட்டிகள் என்று காட்டினால்தான் பச்சோந்திகளை வெளிநாட்டுக்கு விற்க அனுமதி. எனவே இரண்டாம் வருடம், வேலிகளிலிருந்து சினையான பெண் பச்சோந்திகளைப் பிடித்துவரச் சொன்னார். ஊர்ப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நீளக் குச்சி நுனியில் ஐந்தைக் கொண்டுவந்து போட்டார்கள். நாலு அந்தச் சூட்டில் வாயைப் பிளந்தபடி, குட்டிகளை வயிற்றில் வைத்துக்கொண்டே செத்தன. மிஞ்சியது ஒன்று. ஜூலை மாதத் திறப்பு விழாவன்று காலை, அது கண்ணாடிப் பெட்டிக்குள் நிலைகொள்ளாமல் மேலும் கீழுமாக ஊர்ந்துகொண்டிருந்தது.

"ஐயா, இது இன்னிக்கு ஈனிடும். வெளிய மரத்துல விடுங்க, பொழைச்சுக்கும்" என்றேன்.

"இவ்ளோ பெரிய அறை கட்டி வெச்சிருக்கேன், மரத்துல விடச் சொல்றியா?"

"விளக்கையாவது அணைங்க. வாயப் பொளந்துட்டு நிக்குது."

"அது சந்தோஷத்துல. முப்பத்திரண்டு டிகிரின்னு புத்தகத்துலயே போட்டிருக்கு."

"அது எந்த ஊர்ப் பச்சோந்திக்கு?"

"பச்சோந்தின்னா பச்சோந்திதான்!"

கோட்டுக்குள் அவர் வியர்வையில் ஊறிப்போயிருந்தார். அவர் போனதும் டிரைவர் முரியுகி வாசலில் நின்று, "அக்கா, அவரு மூச்சு வாங்கறதப் பார்த்தா அவரும் இன்னிக்கே ஈனிடுவாரு போல" என்றான்.

பத்து மணிக்கு நைரோபியிலிருந்து அனுமதி தரும் அதிகாரி செலாகத் அம்மா வந்தார். புல்வெளியில் ஆட்டுக்கறி வாட்டும் புகை. மேசைமேல் மூன்று கொம்பு வைத்த பச்சைக் கேக். டாக்டர் நாற்பது நிமிடம் பேசினார். "இவை பிராணிகள் அல்ல, என் பிள்ளைகள்!" என்று முடித்தபோது கைக்குட்டையால் கண்ணையும் ஒற்றிக்கொண்டார். நான் நாலு பிணங்களைப் புதைத்த கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

செலாகத் அம்மா அறையைச் சுற்றிப் பார்த்தார். "டாக்டர், ஒரு பிள்ளைய கையில எடுங்க. படம் எடுத்துக்கலாம்."

"வமூயு எடுப்பா, மேடம்."

"உங்க பிள்ளைன்னுதானே சொன்னீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அதில் ஒரு வழி தெரிந்தது. "வெளிய வெளிச்சத்துல எடுத்தா படம் நல்லா வரும், அம்மா" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் பச்சோந்தியை எடுத்தேன். அடுப்படிக் கல் மாதிரிச் சுட்டது. வெளியே பனி பட்டதும் பிளந்த வாயை மூடிக்கொண்டது. மரத்துக்குப் பத்தடிதான் இருந்தது. அதற்குள் புகைப்படக்காரர் என்னை மறித்து, டாக்டரின் கைமேல் அதை வைக்கச் சொன்னார். வைத்தேன்.

டாக்டர் பல்லைக் காட்டியபடி உறைந்து நின்றார். அப்போதுதான் அது ஈனத் தொடங்கியது. சளி பூசிய சின்னப் பை ஒன்று அவர் சட்டைக் கையில் ஒட்டியது. அடுத்தது கோட்டுப் பைக்குள், பட்டுக் கைக்குட்டைமேல் விழுந்தது.

"ஐயோ, எடு! எடுத்துத் தொலை!" என்று அலறிக் கையை உதறினார். பச்சோந்தி சிமெண்ட் படியில் போய் அடித்து விழுந்தது.

செலாகத் அம்மா கைதட்டினார். "கூண்டிலே பிறந்த முதல் குட்டிங்க! என் கண்ணெதிர்லயே!" எல்லோரும் தட்டினார்கள். அது பாதி செத்த உடம்போடு மிச்சத்தையும் ஈன்றுகொண்டிருந்தது. யாரும் குனியவில்லை. நான் மண்டியிட்டு, ஈர இலைகளில் ஒவ்வொன்றாக ஏந்தினேன். கோட்டுப் பையில் கிடந்ததையும் கேட்காமல் எடுத்தேன். மொத்தம் பதினாலு. கடைசிக் குட்டி விழுந்ததும் தாய் அசைவதை நிறுத்தியது. அதற்குள் கேக் வெட்டப்பட்டுவிட்டது.

நான் இலைகளோடு வேலிப் பக்கம் நடந்தேன். டாக்டர் பின்னாலேயே வந்தார், மீசையில் பச்சைக் கிரீம்.

"எங்க போற? அறையில வெச்சு விளக்கைக் கூட்டு!"

"அம்மாவ விளக்கு பாதி கொன்னுச்சு, மீதிய நீங்க. குட்டிங்க வேலிக்குப் போகுது."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சரி, விட்டுட்டுப் போ. அந்தம்மா பதினாலுன்னு எழுதிட்டாங்க. சாயந்திரத்துக்குள்ள வேற பதினாலு பிடிச்சு வெச்சிடு. எல்லாம் ஒண்ணுதானே?"

மேலங்கியைக் கழற்றி அவர் தோளில் போட்டேன். "அப்ப வேற ஒரு வமூயுவையும் பிடிச்சு வெச்சுக்குங்க. எல்லாம் ஒண்ணுதானே?"

வேலியில் இலைகளைச் சாய்த்தேன். பைகளைக் கிழித்துக்கொண்டு, தீக்குச்சி நீளம்கூட இல்லாத பதினாலும் ஆளுக்கொரு கிளையாக ஏறத் தொடங்கின. ஒன்றுகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று முழுவதும் நான் பார்த்ததில் மரியாதையான காரியம் அது ஒன்றுதான்.