சுயம்பு யாருக்கும் தராத படர்தாமரை

1968 மாசி மாதம், திருவொற்றியூரில் வஸ்தாது சௌக்கத் அலியின் குஸ்தி கோதாவில் படர்தாமரை ஆள் விட்டு ஆள் தாவத் தொடங்கியது. பரவியது என்று சொல்ல முடியாது. கட்டிப்பிடித்த மாத்திரத்தில் ஒருவன் உடம்பை விட்டு முழுசாகக் கழன்று அடுத்தவன் மேல் ஏறிக்கொள்ளும், போகிற போக்கில் இரண்டு வட்டம் கூடும். விட்டவனுக்குத் தழும்புகூட இருக்காது. மஞ்சளும் வேப்பிலையும் மோரும் கலந்த கோதா மண் எந்த நோயையும் தின்றுவிடும் என்று நம்பிய பையன்கள், முதலில் அதையே வட்டத்தின் மேல் அப்பிக்கொண்டு இறங்கினார்கள். பிறகு சூட்சுமம் பிடிபட்டது. போட்டிக்கு முதல் நாள் எவனையாவது இறுக்கி அணைத்தால் போதும். வெட்கங்கெட்ட பிள்ளைகள், வேறென்ன சொல்ல!

தர்மாஸ்பத்திரி கம்பவுண்டர் வந்து, மண்ணை மாற்று, லங்கோட்டையும் துண்டையும் வேகவை, ஒருவன் துண்டை இன்னொருவன் எடுக்காதே என்றார். ஒருவன் களிம்பு தடவிக்கொண்டு நாற்பது நாள் யாரையும் தொடாமல் இருந்தால் அவன் மேலேயே அது செத்துவிடும் என்றும் சொன்னார். அது தன் குருநாதர் மிதித்த மண் என்று வஸ்தாது மாற்ற மறுத்துவிட்டார்.

ஒன்பதாவதாக அது ராயபுரம் கஸ்பாரிடம் வந்தது. பதினெட்டு வட்டம். மறுநாள் ஒரு மில்லில் பயில்வான்களை வேலைக்கு எடுக்கிறார்கள், சட்டையைக் கழற்றச் சொல்வார்கள். கோதாவில் கூடக் குஸ்தி பழகிய தோஸ்து சுயம்புவைத் தேடிக் காத்திவாக்கத்துக்கு சைக்கிளில் போய் அழுதான். வலை பின்னிக்கொண்டிருந்த சுயம்பு எழுந்து வந்து அவனைக் கட்டிக்கொண்டான்.

"என்னாண்ட வந்துட்ச்சி இல்ல, இத்தோட நிக்கும். நா எவனுக்கும் தரமாட்டேன், போ."

களிம்பை எடுத்துக்கொண்டு, வலை வைக்கும் கொட்டகையில் நாற்பது நாளுக்குத் தனியாகப் போய் உட்கார்ந்தான். அம்மா பவுனம்மாள் சோற்றை வாசலில் வைத்துவிட்டு விலகி நிற்பாள், துணியைத் தனிப் பானையில் வேகவைப்பாள். முப்பதாம் நாள் வட்டங்கள் வெளுத்தன. ஆனால் சொறிந்த இடமெல்லாம் சீழ் வைத்துக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக வந்தவர்களைத் துடுப்பை நீட்டி விரட்டினான். வேலை கிடைத்திருந்த கஸ்பாரும் ஓடிவந்தான்.

"எனக்கே திருப்பிக் குடுத்துடு மாமு."

"இன்னும் ரெண்டு நாளுதான் கீது. கிட்ட வராதே."

அன்று முப்பத்தெட்டாம் நாள். விளக்கு வைக்கும் முன்பே சுயம்பு செத்துப்போனான்.

உடம்பில் அது இன்னும் இரண்டு நாள் உயிரோடிருக்கும், யாரும் தொடாமல் எடுங்கள் என்றார் கம்பவுண்டர். பவுனம்மாள் கேட்கவில்லை. அத்தனை நாள் தொடாத பிள்ளையை மடியில் போட்டு, தலையோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். இருபது வட்டமும் அவள் மேல் ஏறின. ஒன்றுகூடக் கூடவில்லை. வஸ்தாது கோதா மண் முழுவதையும் மாட்டுவண்டியில் ஏற்றிக் கொடுங்கையூரில் கொட்டிவிட்டு, அதன் பிறகு யாருக்கும் குஸ்தி சொல்லித்தரவில்லை.

பவுனம்மாள் களிம்பு போடவில்லை. நாற்பது நாளும் போயின, வருஷங்களும் போயின. வட்டங்கள் மறையவில்லை, அவளைத் தொட்ட யாருக்கும் ஒட்டவுமில்லை. எண்ணூர் மார்க்கெட்டில் இறால் விற்றாள். நமைச்சல் எடுத்தால் சொறிய மாட்டாள். தராசைக் கீழே வைத்துவிட்டு, அந்த இடத்தில் உள்ளங்கையைப் பதித்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருப்பாள். இறால் வாங்க வந்தவர்கள் காத்திருப்பார்கள்.