பனி வெயிலுக்கு ஒரு கண்ணாடி

கடைக்குக் கிளம்பும்போதே என் வீட்டுக்காரர் தம்தின், மோட்டார் சைக்கிளை என் பக்கம் தள்ளினார். "கை விறைக்குது, நீயே ஓட்டு துல்மா." கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் எனக்குப் பின்னால் உட்கார்ந்தது அன்றுதான். சோம்பேறி, சோம்பேறி என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே ஓட்டினேன்.

மூன்று நாள் பனிப்புயலில் எங்கள் குதிரைகள் கணவாய்க்கு அந்தப் பக்கம் போய்விட்டன. மறுநாள் அவர் தேடிப் போக வேண்டும். போன வருஷமும் இப்படித்தான் ஆடு தேடிப் போனார். வெறுங்கண்ணோடு இரண்டு நாள் பனியைப் பார்த்துவிட்டு, கண் வெந்து திரும்பினார். மூன்று நாள் கூடாரத்துக்குள் ஈரத்துணி போட்டுப் படுத்திருந்தார். அப்புறம் எழுந்து, "சரியாப் போச்சு" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கெட்டதை வாயால் சொன்னால் அது வாசலுக்கு வந்துவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. தேநீரை அவர் கிண்ணத்துக்கு வெளியே ஊற்றியபோதும் கேட்கவில்லை.

கடைக்காரி ஹந்தா மாவு மூட்டைக்கு மேல் கண்ணாடிகளைத் தொங்கவிட்டிருந்தாள். தங்க நிறக் கம்பி போட்ட ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இதப் போட்டா அண்ணன் சினிமாக்காரர் மாதிரி இருப்பாரு. கன்னங்கரேல்னு இருக்கு பாருங்கக்கா."

"கறுப்பா இருந்தா போதுமாடி? இந்தக் குளிர்ல கம்பி மூக்குல ஒட்டிக்கும். பிச்சு எடுத்தா தோலோட வரும். ரெண்டு பக்கமும் மூடுனது இருக்கா?"

கண் வெந்தபோது வந்து பார்த்த நர்ஸ் சொல்லியிருந்தாள்: நிறத்தைப் பார்த்து ஏமாறாதீங்க, ஓரத்துல நுழையுற வெளிச்சந்தான் கண்ணைக் கெடுக்கும்.

ஹந்தா உதட்டைச் சுழித்துக்கொண்டு, பக்கம் மூடி பின்னால் கயிறு வைத்ததில் மூன்று எடுத்துப் போட்டாள். தம்தின் ஒவ்வொன்றாக மாட்டினார். முதலாவது எப்படி? "நல்லா இருக்கு." இரண்டாவது? "நல்லா இருக்கு." மூன்றாவதற்கும் அதே பதில். ஒரு கடிவாளம் வாங்கவே அரை நாள் குறை சொல்லும் மனுஷன் இவர். எனக்கு என்னவோ போல ஆனது.

"வாய்யா, வாசல்ல நின்னு பனியப் பாத்துச் சொல்லு."

வெளியே உச்சி வெயில், கண்ணைத் திறக்க முடியவில்லை. எதிரே கயிற்றில் ஒரு குதிரை கட்டியிருந்தது. நெற்றியில் கோணல் வெள்ளை உள்ள செவலை. தாய் செத்துப்போன அந்தக் குட்டிக்கு இவர்தான் புட்டியில் பால் கொடுத்து வளர்த்தார். போன இலையுதிர் காலத்தில்தான் மருமகனுக்குக் கொடுத்தோம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாரு, யாரு வந்திருக்கான்னு!"

அவர் ரொம்ப நேரம் பார்த்தார். "யாரோ வெளியூர்க்காரன் குதிரை போல."

"கண்ணாடியக் கழட்டிட்டுப் பாரு."

கழற்றினார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அதற்குள் செவலை அவர் குரல் கேட்டுக் கனைத்தது. அவர் முகம் அப்படியே சரிந்தது.

"எத்தன நாளாய்யா?"

"போன வருஷத்துலேருந்து. வெயில்ல எல்லாம் பால் மாதிரி... உங்கிட்ட சொன்னா நெசமாயிடுமோன்னு பயந்தேன் புள்ள."

நானும் அதே பயத்தில்தான் இருந்தேன். இரண்டு பேரும் ஒரே கூடாரத்தில், ஒரு வருஷமாக, ஒருவருக்கொருவர் தெரியாமல். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே என்று நெஞ்சு எரிந்தது.

"ஹந்தா, இதே மாதிரி இன்னொண்ணு குடு."

"ரெண்டு எதுக்குக்கா?"

"எனக்கு. குதிரை தேட நானும் மருமகனும் போறோம். இவரு போட்டுக்கிட்டு வீட்ல இருப்பாரு. வந்ததும் ஆஸ்பத்திரி."

சண்டை போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. எனக்கான கண்ணாடியை ஹந்தாவிடமிருந்து வாங்கி அவரே என் முகத்தில் மாட்டினார். கயிற்றைத் தலைக்குப் பின்னால் இழுத்து முடிந்தார். பிறகு பார்க்காமலே, விரலால் என் கன்னத்தோரம், மூக்கோரம், புருவத்தோரம் தடவித் தடவி இடைவெளி தேடினார்.

"எங்கயாவது வெளிச்சம் உள்ள வருதா? ஒழுங்காப் பாத்துச் சொல்லு துல்மா."

கண்ணாடிக்குள் எனக்கு எல்லாம் கலங்கிப்போயிருந்தது.

"இல்லய்யா. நல்லா மூடியிருக்கு."