மரியாதை தெரிந்த பவர் சப்ளை

இன்றைக்கு இந்தப் பெட்டி பாஸாகாவிட்டால் நாளை முதல் ஹிபா கோவை ஒப்பணக்காரத் தெருவில் அப்பாவின் துணிக்கடையில் ஜாக்கெட் பிட் கிழிக்க வேண்டும். அத்தா யூனுஸின் தீர்ப்பு அது.

"இஞ்சினியரிங் முடிச்சதுலருந்து மாடியில உக்காந்து பெட்டி கட்டிட்டிருக்கே. ஒருத்தராவது வாங்கட்டும். இல்லேன்னா கடைக்கு வந்துரு கண்ணு" என்று அன்பாகவே மிரட்டியிருந்தார்.

பெட்டி என்றால் டிசி பவர் சப்ளை. எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று லேப்டாப்பில் கட்டளை கொடுத்தால் அச்சு பிசகாமல் அதைத் தரும். உள்ளே இருக்கும் சர்க்யூட் ஹிபாவுடையது. அதை ஆட்டிவைக்கும் புரோகிராம் கௌதமனுடையது. கல்லூரியில் ஒரே பெஞ்ச். இப்போது ஒரே கடன்.

இருவரும் பெட்டியோடு சூலூரில் அரங்கசாமியின் தொழிற்சாலைக்கு வந்திருந்தார்கள். அவர் பம்ப் மோட்டாருக்கான கண்ட்ரோல் போர்டு செய்கிறார். போர்டுகளைச் சோதிக்க அவருக்குப் பவர் சப்ளை வேண்டும். சென்னை ஏஜென்ட் ஒருவர் சீனப் பெட்டியோடு ஏற்கெனவே வந்துபோயிருந்தார்.

சோதனை ஜோராகவே தொடங்கியது. லோடைத் திடீரென்று ஏற்றினார்கள். வோல்டேஜ் லேசாகக் குனிந்து, கண் சிமிட்டுவதற்குள் நிமிர்ந்தது. ஆசிலாஸ்கோப்பில் கோடு, இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி கிடந்தது.

"அருமைங்க அம்மணி" என்றார் அரங்கசாமி. "ஆனா நம்ம லைன்ல புள்ளைக அசந்து மறந்து போர்டுக்குள்ள ஸ்க்ரூவை உட்டு ஷார்ட் ஆக்கிருவாங்க. அப்ப இது கரண்ட்டை வெட்டுமுங்களா?"

"மில்லி செகண்ட்ல வெட்டிரும் சார்."

அரங்கசாமி நல்ல போர்டு ஒன்றை எடுத்து இணைத்தார். ஐந்து ஆம்பியருக்கு மேல் போனால் வெட்டு என்று கௌதமன் கட்டளை கொடுத்தான். அரங்கசாமி போர்டின் மேல் ஒரு ஸ்க்ரூவைப் போட்டார்.

பெட்டி வெட்டவில்லை. அதன் திரையில் எழுத்து ஓடியது.

'ஏனுங்க, கரண்ட் கொஞ்சம் ஜாஸ்தியாப் போகுதுங்க.'

போர்டிலிருந்து மெல்லிய புகை எழுந்தது.

'தப்பா நெனைக்காதீங்க. நிறுத்திப்போடட்டுங்களா?'

பட்டென்று ஏதோ வெடித்தது. ஹிபா பாய்ந்து சுவிட்சை அணைத்தாள். கருகிய போர்டை அரங்கசாமி இடுக்கியால் தூக்கிப் பார்த்தார்.

"ரொம்ப மரியாதையான பெட்டிங்க" என்றார். நிஜமாகவே பாராட்டினார் போலிருந்தது.

ஹிபா கௌதமனை மூலைக்கு இழுத்துப் போனாள். "என்னடா எழுதி வெச்சிருக்கே?"

"காரமடையில ஒருத்தருக்கு இந்தப் பெட்டியைக் காட்டினோமே, ஞாபகமில்லையா? சிவப்பு லைட்டைப் போட்டு டப்புனு கட் ஆச்சு. அந்த ஆளு மூஞ்சில அறைஞ்ச மாதிரி இருக்குதுன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு. அதான் சொல்லிட்டு நிறுத்தலாமுன்னு..."

"ஊட்டுக்குத் தீப்பிடிச்சா, ஏனுங்க தண்ணி ஊத்தட்டுங்களான்னா கேட்டுட்டு நிப்பே?"

"நம்ம ஊரு பெட்டியில்ல ஹிபா? எடுத்தெறிஞ்சு பேசினா நல்லாவா இருக்கும்?"

"நல்லாத்தான் இருக்கும். மொதல்ல வெட்டு. அப்புறம் எத்தனை வேணா மன்னிப்புக் கேளு."

லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். எச்சரிக்கைக்கும் பதிலுக்கும் காத்திருந்த வரிகளைத் துடைத்தாள். வெட்டும் வரியை மேலே ஏற்றினாள், மன்னிப்பைக் கீழே இறக்கினாள். கௌதமன், சொந்தப் பிள்ளைக்கு மொட்டை அடிப்பதைப் பார்ப்பவன்போல நின்றான்.

அரங்கசாமி இன்னொரு போர்டைத் தந்தார், கொஞ்சம் பழையதாகப் பார்த்து. ஸ்க்ரூ விழுந்தது. டக். புகை இல்லை, வெடி இல்லை. போர்டு பச்சைக் குழந்தை மாதிரி பத்திரமாக இருந்தது.

'நிறுத்திப்போட்டேனுங்க. தப்பா நெனைக்காதீங்க.'

அரங்கசாமி ஆசை தீர ஸ்க்ரூ போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் பெட்டி வெட்டிவிட்டு வருந்தியது.

"இதேதானுங்க எனக்கு வேணும்" என்றவர், உடனே தலையைச் சொறிந்தார். "ஆனா அந்தச் சென்னைத் தம்பி பெட்டியை லாரியில ஏத்தறேன்னு காலையில மெசேஜ் போட்டிருக்குது."

"ஆர்டர் குடுத்துட்டீங்களா?"

"அய்யோ, இல்லீங்க. வேண்டாமுன்னுதான் சொன்னேன்."

"எப்படிச் சொன்னீங்க?"

"பாக்கலாமுங்கன்னு சொன்னேன்."

ஹிபா நெற்றியில் அடித்துக்கொண்டாள். சூலூரில் அதற்கு அர்த்தம் வேண்டாம். சென்னையில் அதை அரை ஆர்டர் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். "இப்பவே போன் போட்டு, வேண்டாமுன்னு நேராச் சொல்லுங்க சார்."

அரங்கசாமி போன் போட்டார். நலம் விசாரித்தார். மழை விசாரித்தார். வாயைத் திறந்தார், மூடினார், வியர்த்தார். ஹிபா கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

"சாருக்கு உங்க பெட்டி வேண்டாம். ஏத்தாதீங்க." டக்கென்று கட் செய்தாள்.

"அம்மணி! ஒரு மன்னிப்பாவது கேட்டிருக்கலாமுங்களே!"

"இப்பக் கேளுங்க." மறுபடி எண்ணை அழுத்திக் கொடுத்தாள்.

அரங்கசாமி உற்சாகமாகக் கேட்டார். தப்பா நெனைக்காதீங்க என்றார். பெட்டி பிரமாதம் என்றார். குரல் குழையக் குழைய, ஏஜென்ட்டின் அம்மாவின் முழங்கால் வலிக்கு வைத்தியம் சொன்னார். பிறகு, "அதனால என்னங்க தம்பி, அடுத்த மாசம் நாம பாக்கலா..." என்று இழுத்தபோது, ஹிபா கையை நீட்டுவதற்குள் கௌதமன் பாய்ந்து போனைப் பிடுங்கி அணைத்தான்.

"தப்பா நெனைக்காதீங்க சார்" என்றான்.